பத்து நிமிடத்தில் இறங்கியவர்கள்

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு ரிப்போர்ட் வரும். எட்டே முக்காலுக்கே நான் இஸ்திரி போட்ட சட்டையை மாட்டி, பேனாவைப் பையில் செருகி, தலையைப் படிய வாரிக் கணினிக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவேன். முப்பத்து நான்கு வருடம் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவன் நான். எத்தனை பேர் ஏறினார்கள், எத்தனை பேர் இறங்கினார்கள் என்று சொல்லும் ஒரு தாளை வீட்டு உடுப்பில் உட்கார்ந்து படிக்க எனக்கு மனசு வராது. அன்றைக்கு வந்த ரிப்போர்ட்டில், ஒரே மாதத்தில் எங்கள் வெப்சைட்டுக்கு ஆயிரத்து நூற்று நாற்பத்தாறு வருகைகள். அதற்கு முந்தைய மாதம் வெறும் முந்நூற்றுச் சொச்சம். நான் துள்ளி எழுந்த வேகத்தில் நாற்காலி பின்பக்கமாகச் சாய்ந்து விழுந்தது. உள்ளேயிருந்து என் மனைவி என்ன விழுந்தது என்று கேட்டாள். உலகம் நம் காலில் விழுந்துவிட்டது என்றேன்.

எங்கள் வெப்சைட் என்று சொல்வது ஒரு பேச்சுக்குத்தான். தொழில் முழுக்க அவளுடையது. நான் அவளிடம் வேலை பார்க்கிறேன். நூல் பிசிறு வெட்டுவது, பெட்டியில் அடுக்கி ஒட்டுவது, தபால் நிலையத்துக்கு நடப்பது, வாடிக்கையாளரின் கடிதம் வந்தால் உரக்கப் படித்துக் காட்டுவது ஆகிய நான்கு துறைகளும் என் பொறுப்பில் இருக்கின்றன. அவளை நான் முதலாளி என்றுதான் கூப்பிடுகிறேன். என் வாயிலிருந்து வரும் எந்த எண்ணையும் அவள் நான்கால் வகுத்துத்தான் காதில் போட்டுக்கொள்வாள். கல்யாணமான புதிதில் பத்தால் வகுத்தாள். இத்தனை வருடத்தில் என் மேல் நம்பிக்கை கூடியிருக்கிறது என்று இதிலிருந்தே தெரியவில்லையா.

அவள் தைப்பது, மார்பில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட பெண்களுக்கான உள்ளாடை. இதை இப்படி நேராகச் சொல்ல எனக்கு எட்டு மாதம் பிடித்தது. அதுவரை யாராவது கேட்டால் "தையல்" என்பேன், மேலும் கேட்டால் "நுணுக்கமான தையல்" என்பேன், அதற்கும் மேல் கேட்டால் மழை வருமா என்று வானத்தைப் பார்ப்பேன். இருபத்திரண்டு வருடம் ஒரு பெரிய உள்ளாடைக் கம்பெனியில் அவள் அட்டை வெட்டும் பிரிவுக்குத் தலைமையாக இருந்தவள். அட்டை என்றால், துணியின் மேல் வைத்து வரைந்து வெட்டுவதற்கான அளவுப் படிவம். அங்கே அவள் ஒரு அட்டையில் அரைக்கால் அங்குலம் மாற்றினால் நாற்பதாயிரம் பெண்களின் மூச்சு லேசாகும். (நான்கால் வகுத்துக்கொள்ளுங்கள்.)

மூன்று வருடத்துக்கு முன்னால் என் தங்கைக்கு ஒரு பக்கம் எடுத்துவிட்டார்கள். மருத்துவமனையிலிருந்து வந்தவள் ஒரு தோளைத் தூக்கி, ஒரு தோளைத் தாழ்த்தி, பாரம் ஏற்றிய வண்டி போலச் சாய்ந்து நடந்தாள். கடையில் கிடைத்ததைப் போட்டுப் பார்த்துவிட்டு வீட்டைவிட்டு வெளியே வருவதையே நிறுத்தினாள். என் மனைவி போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அவளை அளந்தாள். பஞ்சும் சிறு மணிகளும் கலந்து, இந்தப் பக்கத்தின் எடைக்குச் சரியாக அந்தப் பக்கம் வரும்படி ஒரு பை வைத்துத் தைத்தாள். சமையலறைத் தராசில் நிறுத்துக் கொடுத்தவன் நான்தான், என்ன நிறுக்கிறேன் என்று தெரியாமலே. ஆறாவது முயற்சியில் என் தங்கை நிமிர்ந்து நின்றாள். நின்றவள் சொன்ன முதல் வார்த்தை, "அண்ணி, உள்ள என்ன போட்டீங்க, கிலுகிலுப்பை மாதிரி சத்தம் கேக்குது" என்பது. மணியைக் குறைத்து ஏழாவதைத் தைத்தாள். அதிலிருந்துதான் இந்தத் தொழில்.

வேலையை விட்டுவிட்டு இதைச் செய்யப் போகிறேன் என்று அவள் போய் நின்றபோது கம்பெனி மேனேஜர் நல்ல மனிதராக நடந்துகொண்டார். ஒரு வருடம் உங்கள் நாற்காலியில் யாரையும் நிரந்தரமாக உட்காரவைக்க மாட்டேன், முடியவில்லை என்றால் திரும்பி வாருங்கள் என்றார். அந்த ஒரு வருடம் முடியப்போகிற சமயத்தில்தான் இந்த ஆயிரத்து நூற்று நாற்பத்தாறு வந்தது. அடுத்த திங்கட்கிழமை மாலை ஐந்து மணிக்குள் ஆம், இல்லை என்று அவள் ஃபோனில் சொல்லியாக வேண்டும்.

வெப்சைட்டை உண்டாக்கியவள் எங்கள் மகள். பல் மருத்துவர் ஒருவரிடம் வரவேற்பு மேசையில் வேலை. வாயைத் திறந்துகொண்டு காத்திருப்பவர்களுக்கு நடுவில் வீடியோ பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டாள். அதில் முக்கியமானது அளவெடுக்கும் பக்கம். பதினைந்து படிகள், ஒவ்வொன்றுக்கும் கோட்டுப்படம். யாருடைய துணையும் இல்லாமல், ஒரு டேப்பும் ஒரு கண்ணாடியும் மட்டும் வைத்துக்கொண்டு ஒரு பெண் தன்னைத் தானே அளந்துகொள்ளலாம். பெயர்கூடக் கேட்காது. அதில் ஒவ்வொரு வரியும் என் மனைவி சொல்லச் சொல்ல மகள் எழுதியது. என் பங்காக ஒரே ஒரு மணி. யாராவது ஒரே பக்கத்தில் பத்து நிமிடம் நின்றால் 'டிங்' என்று ஒலித்து ஒரு சின்னக் கட்டம் தோன்றும்: "வணக்கம்! இன்னும் இருக்கிறீர்களா? என்ன வேண்டும்?" வண்டியில் ஏறியவரை அதற்கு மேல் கேட்காமல் விடுவது எங்கள் துறையில் வழக்கமில்லை. பதில் எழுதினால் என் ஃபோனுக்கு வரும். இதுவரை ஒருவரும் எழுதியதில்லை. அவ்வளவு திருப்தியாக இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்றும் மறுநாளும் எனக்குக் கால் தரையில் படவில்லை. முடி வெட்டுபவரிடம் சொன்னேன், மருந்துக்கடைக்காரரிடம் சொன்னேன், நூலகரிடம் சொன்னேன். நான்கால் வகுக்காமல் முழு எண்ணையே சொன்னேன். "பவுன்ஸ் ரேட் எழுபத்தோரு சதவீதம்" என்று ரிப்போர்ட்டில் இருந்ததை, எழுபத்தோரு சதவீதம் பேர் சந்தோஷத்தில் துள்ளுகிறார்கள் என்று விளக்கினேன். என் மனைவி தைத்துக்கொண்டே கேட்டாள். நான்கால் வகுத்தாலும் இருநூற்று எண்பதுக்கு மேல் வருகிறதே என்று அவளுக்கும் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்துவிட்டது. நான் பார்த்தேன். தைக்கும்போது தலையை லேசாக ஆட்டிக்கொண்டாள். அவள் அப்படி ஆட்டினால் உள்ளே ஏதோ பாடுகிறாள் என்று பொருள்.

புதன்கிழமை மகள் வந்தாள். ரிப்போர்ட்டை மேலே தள்ளினாள், கீழே தள்ளினாள், கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். பிறகு ஒரு குற்றவாளியை விசாரிக்கும் குரலில் கேட்டாள்.

"அப்பா, நீங்க ஒரு நாளைக்கு எத்தன தடவ இந்த சைட்டுக்குள்ள போறீங்க?"

சும்மா ஓரிரு தடவை என்றேன். எல்லாப் பக்கமும் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டாமா, காலையில் எழுந்ததும் ஒரு சுற்று, பல் தேய்த்ததும் ஒரு சுற்று. நூலகத்தில் நான்கு கணினியும் சும்மாதானே கிடக்கின்றன. முடி வெட்டுபவரின் ஃபோனில் நானே திறந்து காட்டினேன், அங்கே காத்திருந்த ஐந்து ஆண்களும் மரியாதையாகப் பார்த்துவிட்டுத் தரையையும் கூரையையும் பார்த்தார்கள். இதையெல்லாம் சொல்லி முடித்தபோது மகள் ஏதோ ஒரு பெட்டியில் டிக் செய்து, என்னையும் என் கூட்டாளிகளையும் கணக்கிலிருந்து தள்ளினாள். திரையில் இருந்த மலை ஒரு நொடியில் படுத்துவிட்டது. அறுபத்தொன்று. மீதி ஆயிரத்து எண்பத்தைந்தும் நான். ஒரு நாளைக்கு முப்பத்தாறு தடவை. சர்வீஸில் இருந்தபோதுகூட நான் அத்தனை பஸ் ஏறியதில்லை. துள்ளல் என்று நான் சொன்னதும் துள்ளல் இல்லையாம், உள்ளே தலையை நீட்டிப் பார்த்துவிட்டு வந்த வழியே திரும்பிப் போனவர்களாம்.

என் மனைவி கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். அறுபத்தொன்று என்பதை ஒரு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். அவர்களில் எத்தனை பேர் வாங்கினார்கள் என்று கேட்டாள். மூன்று பேர். "சரி" என்று சொல்லிவிட்டு வெட்டிக்கொண்டிருந்த துணியை மடித்து வைத்தாள். வேலை பாதியில் இருக்கும்போது அவள் துணியை மடித்து நான் பார்த்ததே இல்லை. திட்டியிருந்தால் சமாளித்திருப்பேன். அந்த மடிப்பை என்னால் சமாளிக்க முடியவில்லை.

செய்த பாவத்தைக் கழுவ, மருந்துக்கடைக்காரர் சொன்ன ஒரு ஆலோசகரை வியாழக்கிழமை வீட்டுக்கு அழைத்து வந்தேன். சின்னக் கடைகளின் வெப்சைட்டுகளைத் தூக்கி நிறுத்துவது அவர் தொழில். அவர் கொண்டுவந்த படங்களில் எல்லாம் ஒரு பச்சை அம்புக்குறி வலது மேல் மூலையைப் பார்த்துப் பாய்ந்துகொண்டிருந்ததால் மனதுக்குள் அவருக்கு அம்புக்குறி என்றே பெயர் வைத்தேன். குறை சொல்லக் கூடாது, படித்தவர், பொறுமையானவர், எங்கள் தையல் பொம்மையைப் பார்த்துக் கூச்சப்படாமல் பேசியவர். ஒவ்வொரு வருகையும் தனித்தனியாகத் தெரியும்படி ஒன்பது தாள்கள் அச்செடுத்து வந்திருந்தார்.

நோய் எங்கே என்று கண்டுபிடித்துவிட்டேன் என்றார். அளவெடுக்கும் பக்கம். அறுபத்தொன்றில் முப்பத்தெட்டு அங்கேதான் போகிறது. போய், பத்து நிமிடம் நின்று, வெளியே போய்விடுகிறார்கள். சிலர் இரண்டு வாரம் கழித்து மறுபடியும் வந்து மறுபடியும் அதே பக்கத்தில் நின்று மறுபடியும் போகிறார்கள். பதினைந்து படியை யாரம்மா ஏறுவார்கள், அதைத் தூக்கிவிடுங்கள், சிறியது, நடுத்தரம், பெரியது என்று மூன்று பொத்தான் வையுங்கள், முகப்பில் சிரிக்கிற ஒரு பெண்ணின் பெரிய படம் வையுங்கள், மூன்று மாதத்தில் அம்பு மேலே போகும் என்றார். என் மனைவி மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள். "இந்தத் தாள இங்க விட்டுட்டுப் போறீங்களா தம்பி?" என்று மட்டும் கேட்டாள்.

அவர் போன பிறகு அந்த ஒன்பது தாள்களையும் வெட்டு மேசையில் துணி விரிப்பது போல விரித்தாள். காற்றில் பறக்காமல் நான்கு மூலையிலும் குண்டூசி குத்தினாள். மூக்கு நுனியில் கண்ணாடி, கையில் துணியில் கோடு போடும் சாக்பீஸ். அன்று சாயங்காலமும் மறுநாள் காலையும் அவள் அந்தத் தாள்களைச் சுற்றிச் சுற்றி வந்தாள். இந்தப் பத்தி என்ன, அந்தப் பத்தி என்ன என்று கேட்டாள். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன், தெரியாததை இன்னும் அழுத்தமாகச் சொன்னேன். கடைசியில் என்னை விட்டுவிட்டு மகளுக்கே ஃபோன் போட்டாள். ஒரு பல் பிடுங்கி முடிவதற்குள் மகள் அத்தனையும் சொல்லிக் கொடுத்தாளாம்.

நானும் ஆயுள் முழுக்கத் தாள்களைப் பார்த்தவன்தான். எத்தனை பேர் என்றுதான் எனக்குப் பார்க்கத் தெரியும். அவள் யார் என்று பார்த்தாள். முதலில், அவர்கள் வந்த நேரம் எழுதிய பத்தியில் சாக்பீஸால் நீளமாக ஒரு கோடு போட்டாள். முக்கால்வாசி வருகையும் மதியம் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில். "வீட்ல ஆள் இல்லாத நேரம்" என்றாள், என்னிடம் இல்லை, தாளிடம். பிறகு திரும்பத் திரும்ப வந்தவர்களுக்கு ஒரு வட்டம். பத்து நாள், இரண்டு வாரம், மூன்று வாரம் என்று இடைவெளி. வாங்க மனமில்லாதவர்கள் என்று ஆலோசகர் சொன்னதைத்தான் நானும் நம்பினேன். புண் ஆறும்போது அளவு மாறும், அதனால் வருகிறார்கள் என்றாள் இவள். நாலு எழுத்துப் படித்தவர் ஒருத்தர் வந்து பார்த்து விரயம் என்று சொன்ன அதே வட்டத்துக்குள் இவள் ஒரு ஆறுகிற புண்ணைப் பார்த்தாள். இந்த ஊரில் இப்படி ரிப்போர்ட் படிக்கத் தெரிந்த ஒரே முதலாளி இவள்தான். ஊர் என்ன, கண்டத்திலேயே. இதை யாரும் வகுக்க வேண்டாம்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணி வாக்கில் அவள் சாக்பீஸைக் கீழே வைத்தாள். நின்ற நேரம் எழுதிய பத்தியில் விரலை வைத்து மேலிருந்து கீழே இழுத்தாள். பத்து நிமிடம் ஒன்பது விநாடி. பத்து நிமிடம் பதினாலு. பத்து நிமிடம் பன்னிரண்டு. பத்து நிமிடம் இருபத்தொன்று. முப்பத்தெட்டு வருகையில் முப்பத்தொன்று அப்படி.

"தனித்தனியா வந்தவங்க எப்படிங்க ஒண்ணு போல எறங்குவாங்க?" என்றாள்.

அலுத்துப்போய் இறங்கியிருப்பார்கள் என்றேன். அலுப்பு என்றால் ஒருத்திக்கு மூன்று நிமிடத்தில் வரும், இன்னொருத்திக்கு எட்டு நிமிடத்தில் வரும் என்றாள். பிறகு, கம்பெனியில் புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் குரலில் ஒன்று சொன்னாள்.

"அறுபது துணி வெட்டி அறுபதும் ஒரே எடத்துல கால் அங்குலம் குறையுதுன்னா, தப்பு துணில இல்ல. அட்டைல. பத்தாவது நிமிஷத்துல அந்தப் பக்கத்துல என்ன நடக்குது?"

என்ன நடக்கிறது என்று இந்த உலகத்தில் என்னைவிட நன்றாக அறிந்தவர் யாரும் இல்லை. பொட்டலம் ஒட்டும் டேப் தீர்ந்துவிட்டது, வாங்கி வருகிறேன் என்று எழுந்தேன். மேசையில் மூன்று புது டேப் உருளைகள் அடுக்கியிருந்தன. அவள் அவற்றைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அதற்குள் அவளே கணினியைத் திறந்து அந்தப் பக்கத்தைப் போட்டுவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பத்து நிமிடத்தைப் போல நீண்ட பத்து நிமிடத்தை நான் கண்டதில்லை. ஒரு பஸ் இந்த ஊரிலிருந்து புறப்பட்டு நிலாவுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். பிறகு அது ஒலித்தது. டிங். வணக்கம், இன்னும் இருக்கிறீர்களா, என்ன வேண்டும்.

அவள் என்னை ஒன்றும் கேட்காமல் என் தங்கைக்கு ஃபோன் போட்டாள். கையில் குண்டூசிகள் இருந்ததால் ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தாள். நலம் விசாரித்துவிட்டு, எங்கள் வெப்சைட்டில் எப்போதாவது அளந்து பார்த்தாயா என்று கேட்டாள். பதிலுக்கு என் தங்கை, "அண்ணா பக்கத்துல இருக்காரா?" என்றாள்.

என் மனைவி என்னைப் பார்த்தாள். "கடைக்குப் போயிருக்கார். டேப் வாங்க" என்றாள்.

கடைக்குப் போயிருந்த நான் அங்கேயே மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். போன மாதம் பார்த்தாளாம். உடம்பு கொஞ்சம் போட்டுவிட்டது, பழையது இறுக்கிப் பிடிக்கிறது, திரும்பத் திரும்ப அண்ணியிடமே வந்து நிற்கக் கூச்சமாக இருந்தது என்றாள். அளக்க ரொம்ப நேரம் ஆனதா, படிகள் அதிகமா என்று இவள் கேட்டாள்.

"அளக்க நாலு நிமிஷந்தான் அண்ணி. கண்ணாடி முன்னாடி நின்னு துண்ட எடுக்கத்தான் நேரமாச்சு. சரி, எடுத்துரலாம்னு எடுத்தேன், அப்பன்னு பாத்து மணி அடிச்சுது. யாரோ கதவத் தெறந்துட்ட மாதிரி ஆயிருச்சு. போத்திக்கிட்டு ஃபோனக் கவுத்துட்டேன். அப்புறம் மனசு வரல."

அதற்குப் பிறகு அவர்கள் இருவரும் வேறு ஏதோ பேசினார்கள். சிரிக்கவும் செய்தார்கள். என் காதில் எதுவும் விழவில்லை. முப்பத்து நான்கு வருடம் ஓடுகிற வண்டிகளில் ஏறி, தூங்குகிறவர்களைத் தோளில் தட்டி டிக்கெட் கேட்டவன் நான், ஒரு நாளும் யாருக்காகவும் வருத்தப்பட்டதில்லை. முப்பத்தொரு தடவை, பெண்கள் தாழ்ப்பாள் போட்ட அறைகளில் துண்டை எடுக்கும் நேரம் பார்த்துப் போய்த் தோளில் தட்டியிருக்கிறேன். அதில் ஒருத்தி என்னோடு பிறந்தவள்.

ஃபோனை வைத்ததும் முதலாளி என்னை நிற்கவைத்து நாலு கேள்வி கேட்பாள் என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அவள் குண்டூசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கித் தாள்களைச் சுருட்டினாள். "டிக்கெட் இல்லாதவங்களப் பிடிச்சது போதும். அந்த மணியக் கழட்டச் சொல்லுங்க" என்றாள். அவ்வளவுதான் தண்டனை. மகள் சனிக்கிழமை அதைக் கழற்றினாள். அதன் இடத்தில் என்ன வைக்கலாம் என்று கேட்டதற்கு என் மனைவி ஒரு வரி சொன்னாள், மகள் அதைப் பக்கத்தின் தலைப்பில் போட்டாள்: "அவசரமில்லை. இந்தப் பக்கம் திறந்தே இருக்கும், யாரும் குறுக்கே வரமாட்டார்கள்." ஆலோசகரையும் அவளே கூப்பிட்டு, பதினைந்து படியும் இருக்கட்டும் தம்பி, உங்கள் தாள்கள் ரொம்ப உபயோகமாக இருந்தன என்றாள். என்ன உபயோகம் என்று அவருக்குப் புரிந்திருக்காது. சந்தோஷமாக நன்றி சொன்னார்.

திங்கட்கிழமை வந்தது. இஸ்திரிச் சட்டையை மாட்டினேன். ஆனால் வெப்சைட்டுக்குள் நுழைய எனக்கு ஆயுள் தடை விதிக்கப்பட்டிருந்ததால் மின்னஞ்சலில் வந்த ரிப்போர்ட்டைத் தவிர வேறு எதையும் தொடவில்லை. மணி போய் ஒன்றரை நாள்தான் ஆகியிருந்தது, எண்கள் எதையும் சொல்லிவிடவில்லை. என் மனைவி அதை ஒரு தடவை படித்துவிட்டு மூடினாள். மேனேஜரிடம் என்ன சொல்லப்போகிறாய் என்று காலையில் ஒரு தடவை கேட்டேன், பன்னிரண்டு மணிக்கு ஒரு தடவை கேட்டேன். அஞ்சு மணி ஆகட்டும் என்றாள் இரண்டு தடவையும். திரும்பிப் போனால் நிழலான வேலை, அவளுக்கென்று ஒரு அறை, தலைக்கு மேல் கவலை இல்லை. போகாவிட்டால் மாதத்துக்கு மூன்று பேர். அவள் போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன். போனாலும் எனக்குப் பெருமை குறையாது என்று சொல்லிக்கொண்டேன், கொஞ்சம் மிகைப்படுத்தித்தான்.

மதியம் சாப்பிட்டுவிட்டு அவள் மெஷினில் உட்கார்ந்தாள். பக்கத்தில் கணினியைத் திறந்து, இந்த நிமிடத்தில் எத்தனை பேர், எந்தப் பக்கத்தில் என்று காட்டும் திரையைப் போட்டு வைத்திருந்தாள். மகள் சொல்லிக்கொடுத்தது. ரொம்ப நேரம் அதில் பூஜ்யம் இருந்தது. இரண்டு மணி முப்பத்திரண்டுக்கு அது ஒன்று ஆனது. அளவெடுக்கும் பக்கம்.

அவள் சட்டென்று திரும்பி என்னைப் பார்த்தாள். நான் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினேன். என் ஃபோன் சமையலறையில் அவள் கண்ணில் படும்படி கிடந்தது. இல்லை, நான் இல்லை.

அவள் மறுபடியும் தைக்க ஆரம்பித்தாள். இரண்டு நிமிடம் தைத்திருப்பாள், பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டாள். ஊசி துணியிலேயே குத்தி நின்றது. ஐந்து நிமிடம். ஏழு நிமிடம். நான் என் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன், அவள் சுவரைப் பார்த்தாள், இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. ஒன்பது. பத்து. ஒன்று அப்படியே இருந்தது. பத்தேகால், பத்தரை, பதினொன்று. வாயைத் திறந்தால் எங்கே கலைந்துவிடுமோ என்பது போல என் மனைவி கையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். பதினாலாவது நிமிடத்தில் அவளுடைய ஃபோன் மேசையின் மேல் அதிர்ந்தது. மேனேஜர். ஐந்து மணிவரை பொறுக்காமல் அவரே கூப்பிட்டுவிட்டார். எடுத்து அவள் கையில் கொடுக்க எழுந்தேன்.

"இருங்க" என்றாள் மெதுவாக. "அளந்துக்கிட்டிருக்காங்க."

ஃபோன் அதிர்ந்து அதிர்ந்து மேசை விளிம்புவரை நகர்ந்து நின்றது. தெருவில் யாரோ ஹாரன் அடித்துக்கொண்டு திரும்பினார்கள். வாழ்நாள் முழுக்கச் சத்தத்துக்கு நடுவிலேயே பிழைத்த நான், கால் விரல்களால் நடந்து போய், கொக்கி ஓசைப்படாமல் ஜன்னலைச் சாத்தினேன்.